பட்டினியை வென்ற பாம்பு

திரையில் வரும் ராட்சதப் பாம்புக்குப் பசி அடங்குவதே இல்லை. 1997இல் வெளியான ‘அனகொண்டா’ படத்தில் அது ஒருவர் பின் ஒருவராகத் துரத்திக் கொல்கிறது. மலேசியாவின் கமுந்திங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும், ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகளின் கரைகளிலும் வாழும் மலைப்பாம்பு அதற்கு நேர்மாறானது. உடம்பெல்லாம் வலைக்கோலம் படர்ந்த, மலாய் மொழியில் ‘சாவா’ எனப்படும் இந்த மலைப்பாம்புதான் உலகிலேயே நீளமான பாம்பினம், 6 மீட்டரையும் தாண்டி வளரும். ஆனால், அதன் ஆயுளில் பெரும்பகுதி அசையாமல் காத்திருப்பதிலேயே கழிகிறது.

அதன் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. கும்மிருட்டிலும் எலியின் உடற்சூடு அதற்குத் தெரிந்துவிடும். பாய்ந்து கவ்வியதும், உள்நோக்கி வளைந்த பற்கள் இரையை நழுவ விடுவதில்லை. பிறகு சுற்றி இறுக்குகிறது. மூச்சுத் திணறித்தான் இரை சாகிறது என்று நெடுங்காலம் நம்பினோம். போவா பாம்புகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு வேறு காரணத்தைக் காட்டியது: இறுக்கிய சில நொடிகளிலேயே இரையின் ரத்த ஓட்டம் தடைபடுகிறது. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்பக்கம் எலும்பால் இணையாததால், தன் தலையைவிடப் பெரிய இரையையும் பாம்பு விழுங்கிவிடுகிறது.

உண்மையான அதிசயம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்போது மலைப்பாம்பின் குடல் சுருங்கி ஓய்ந்திருக்கும். இரை உள்ளே போனதும் குடல் மளமளவென்று வளர்கிறது. இதன் உறவினமான பர்மிய மலைப்பாம்பின் இதயம், உண்ட 48 மணி நேரத்தில் 40 விழுக்காடு பெருப்பதை 2005இல் அறிவியலாளர்கள் பதிவு செய்தனர். செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. வேலையில்லாத உறுப்புக்கு வீணாகத் தீனி போடாத சிக்கனம் இது.

ஆபத்து இல்லாமலில்லை. 1995இல் ஜொகூர், சிகாமட் அருகே பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரை மலைப்பாம்பு கொன்றது. ஆயினும் அத்தகைய மரணங்கள் மிக அரிது. தோட்டத்தில் அது தேடி வருவது பெரும்பாலும் செம்பனைப் பழம் தின்னும் எலிகளைத்தான். ஆகவே, கண்டால் விலகி நில்லுங்கள். பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அப்புறப்படுத்திவிட்டு 999க்கு அழையுங்கள். பிடிக்கத் தெரிந்தவர்கள் வந்து பிடிக்கட்டும். கட்டையோடு நெருங்குவது நமக்கும் ஆபத்து, தோட்டத்துக்கும் இழப்பு.