மனைக்கு மேலே முப்பது அடி

புறநகரில் வீடு கட்டி முடித்ததும் மிஞ்சிய இடத்துக்குச் சிமென்ட் பூசுகிறோம். கொஞ்சம் ரசனை இருந்தால் புல் பதித்து மதிலோரம் குரோட்டன்ஸ் வைக்கிறோம். தோட்டம் போட இடம் எங்கே என்று கேட்டால் ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு என்று கணக்கு வருகிறது. அந்தக் கணக்கில் தரை மட்டும்தான் இருக்கிறது. தரைக்கு மேலே சும்மா கிடக்கும் முப்பது அடியை யாரும் அளப்பதில்லை. தோட்டத்தின் வளத்தை முடிவு செய்வதில் அந்த உயரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் புறநகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற சூழலியலாளர் தம் வீட்டுத் தோட்டத்தையே 1972 முதல் 2001 வரை ஆராய்ந்தார். அது காடு போல விடப்பட்ட இடமல்ல. புல்தரை, பூப்பாத்தி, காய்கறி, புதர், மரம் எல்லாம் கலந்த சாதாரணத் தோட்டம். பூச்சிமருந்து மட்டும் இல்லை. பரப்பு 741 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் மூன்றேகால் கிரவுண்டு. முப்பது ஆண்டுகளில் அவர் பதிவு செய்தது 2,673 உயிரினங்கள். அதில் பூச்சிகள் மட்டுமே 1,997. மூன்றேகால் கிரவுண்டு இருந்தால் யாரும் செய்வார்கள் என்று சொல்லலாம். ஆனால் ஷெஃபீல்டு நகரில் 61 வீட்டுத் தோட்டங்களை ஆராய்ந்தவர்கள், சிறிய தோட்டம் என்பதாலேயே அதில் சிற்றுயிர்கள் குறைந்துவிடுவதில்லை என்று கண்டார்கள். மரமும் புதரும் அடர்ந்த இடத்தில் அவை கூடுதலாக இருந்தன. இன்னும் பழைய சான்றும் உண்டு. 1961இல் ராபர்ட் மெக்ஆர்தரும் அவர் சகோதரர் ஜானும் அமெரிக்கக் காடுகளில், எத்தனை வகை மரங்கள் என்பதைவிட இலைகள் எத்தனை உயரங்களில் பரவியிருக்கின்றன என்பதே பறவை வகைகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது என்று காட்டினார்கள். நர்சரியில் நாற்பது வகைத் தொட்டிச் செடி வாங்கி ஒரே உயரத்தில் வரிசை கட்டுபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

குளிர்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இலங்கையின் கண்டி வீட்டுத் தோட்டங்களிலும் இதே அடுக்குதான்: தென்னையும் பாக்கும் மேலே, பலா அதற்குக் கீழே, தண்டில் மிளகுக்கொடி, நிழலில் இஞ்சியும் மஞ்சளும். வெயில் நாட்டில் மேலடுக்கு கீழடுக்குக்குக் குடை. மண்ணின் ஈரம் சீக்கிரம் போவதில்லை. அடுக்குத் தோட்டம் புல்தரையைப் போலத் தினமும் நீர் கேட்பதுமில்லை.

பாம்பு, கொசு, மதிலைப் பிளக்கும் வேர் என்று மூன்று பயங்களும் உண்டு. மதில் பயம் உண்மையானது: ஆலும் அரசும் வீட்டுப் பக்கமே வேண்டாம். கிளை ஒடியும் முருங்கையையும் வீட்டிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும். 2016இல் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களை மறக்க முடியாது. சிறு மனைக்குக் கறிவேப்பிலை, மாதுளை, நார்த்தை போன்ற நடுத்தர உயரமே மேலடுக்காகப் போதும். கொசு நிழலில் ஒதுங்கும், ஆனால் முட்டையிடுவது தேங்கிய நீரில். தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தால் பாதிச் சிக்கல் தீரும். எலிக்கு இடம் கொடுக்காமல், வாசலோரம் சருகு குவிக்காமல் இருந்தால் பாம்பு வரும் வாய்ப்பும் குறையும்.

பொறுமையின்மைதான் மிஞ்சிய தடை. சப்போட்டா நிழல் தரும்வரை எத்தனை வருடம் காத்திருப்பது? வெற்றிலைக் கொடிக்கால்காரர்களிடம் இதற்கு விடை உண்டு: கொடிக்கு நிழலும் பிடிப்பும் தர முதலில் அகத்தியை வளர்ப்பார்கள். வெறும் மனையிலும் முதல் மழையோடு அகத்தியும் பப்பாளியும் போட்டு, அவற்றின் நிழலில் நிரந்தர மரக்கன்றை ஊன்றலாம். அகத்தி கீரை கொடுக்கும், வேரால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். கன்று தலைதூக்கியதும் அகத்தியை வெட்டிக் கன்றின் காலடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடலாம்.