ஒரே நாள்ல டெஸ்ட்... அதே நாள்ல சிகிச்சை!

என்.எஸ்.எஸ். கேம்ப்னா என்ன பண்ணுவோம்? ஏழு நாள், ஒரு தத்து கிராமம். குளத்தைச் சுத்தம் பண்ணுவோம், மரக்கன்று நடுவோம், ராத்திரி கானா பாடுவோம். நடுவுல ஒருநாள் புற்றுநோய் விழிப்புணர்வுப் பேரணி! தட்டியைத் தூக்கிக்கிட்டு நாலு தெரு சுத்திட்டு டீக்கடைக்குப் போயிடுவோம். தப்பில்லை ஃப்ரெண்ட்ஸ். ஆனா, அந்தத் தட்டியைப் படிச்ச அக்கா மறுநாள் எங்கே போவாங்க?

இதுக்கு திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு பதில் இருக்கு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். அது புற்றா மாறப் பல வருஷம் ஆகும். அந்த இடைவெளியில கண்டுபிடிச்சா நோயையே தடுத்துடலாம். அதுக்குத்தான் 'பாப் ஸ்மியர்' டெஸ்ட். ஆனா அதுக்கு லேப் வேணும், பார்த்துச் சொல்ல ஆள் வேணும், ரிசல்ட் வாங்க இன்னொரு நாள் போகணும். களையெடுக்கிற அம்மாவுக்கு 'இன்னொரு நாள்'னா ஒருநாள் கூலி போச்சுன்னு அர்த்தம்!

2000-ம் வருஷம் அம்பிளிக்கை கிராமத்து மருத்துவமனையும், சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து வேற ரூட் பிடிச்சாங்க. மாவட்டத்துல 114 பகுதிகளை எடுத்து, 57-ல மட்டும் 30 முதல் 59 வயசுப் பெண்களை டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டாங்க. டாக்டர் இல்ல... பயிற்சி எடுத்த நர்ஸுங்கதான் ஹீரோயின்ஸ். கர்ப்பப்பை வாயில அசிடிக் அமிலம் (அதாங்க, வினிகர்ல இருக்கிற சமாச்சாரம்!) தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தா, சந்தேகமான இடம் வெள்ளையா மாறும். தேவைப்பட்டா அதே விசிட்லயே உறையவைக்கிற 'கிரையோதெரபி' சிகிச்சை. பெரிய பிரச்னைன்னாதான் ஆஸ்பத்திரிக்கு.

49,311 பேரைக் கூப்பிட்டதுல வந்தது 31,343 பேர். மூணுல ஒருத்தருக்கு மேல வரலை. அப்படியும், வராதவங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 2007-ல 'லான்செட்' இதழ்ல வெளியான ரிசல்ட்: புதுசா நோய் வர்றது 25 சதவிகிதம், இறப்பு 35 சதவிகிதம் குறைஞ்சிருந்தது. ஒரு பாட்டில் அமிலமும் ஒரு நர்ஸும் பண்ணின வேலை!

மீதி 57 பகுதிப் பெண்களுக்கு டெஸ்ட்டே கொடுக்காம ஒப்பிட்டது நியாயமான்னு பின்னாடி சர்ச்சை கிளம்புச்சு. கேட்க வேண்டிய கேள்விதான்.

அரசும் 2007-ல தேனி, தஞ்சாவூர் மாவட்டங்கள்ல இந்த டெஸ்ட்டை ஆரம்பிச்சு, அப்புறம் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோச்சு. 30 வயசு தாண்டின பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே இலவசம். ஆனா, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, 30-49 வயசுப் பெண்கள்ல இந்த நோய்க்கான டெஸ்ட் எடுத்தவங்க இந்தியாவுல 1.9 சதவிகிதம். நம்ம மாநிலத்துல 9.8. 'நாமதான் ஃபர்ஸ்ட்'னு விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி மீதி 90 பேரை யோசிங்க. கூச்சம், பயம், 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே'ங்கிற நினைப்பு... இதையெல்லாம் போஸ்டர் தீர்க்காது. தெரிஞ்ச பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து பேசணும்.

பசங்களா, நைஸா நழுவாதீங்க! சொந்த அம்மாவை பைக்ல கூட்டிட்டுப் போய், வெளியில பெஞ்சுல உட்கார்ந்து வெயிட் பண்ணக்கூட முடியாதா?

அடுத்த கேம்ப்புக்கு முன்னாடி உங்க புரோகிராம் ஆபீஸரோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. நர்ஸ் எந்த நாள் வர முடியும், ஸ்கூல்ல திரை கட்ட ஒரு ரூம் கிடைக்குமா, களை வேலை இல்லாத கிழமை எதுன்னு கேளுங்க. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் ஊர்ப் பெண்களுக்குத்தான் தெரியும். மகளிர் சுய உதவிக் குழு அக்காக்களைப் பிடிங்க. முக்கியமா, மேல்சிகிச்சை தேவைப்படுறவங்களை யார் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு ஊர் நர்ஸம்மாவோட பேசி முடிவு பண்ணிட்டு பஸ் ஏறுங்க. எட்டாவது நாள் நீங்க அங்கே இருக்க மாட்டீங்க!