மாராவுக்கு எந்த லென்ஸ்?

கென்யாவின் மசாய் மாராவுக்கு டிக்கெட் போட்டவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “600 எம்.எம். லென்ஸ் இல்லாமல் போனால் வீண்தானே?” விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும், எடை மூன்று கிலோ இருக்கும் என்று தெரிந்தும் கேட்கிறார்கள். இந்தத் தொடரில் சென்ற வாரம் பார்த்த கபினி, மரங்கள் அடர்ந்த, இருண்ட காடு. மாரா திறந்த புல்வெளி. எந்த விலங்கைப் பார்க்கப் போகிறோம் என்பதைவிட, எந்த நிலத்தில் நிற்கப் போகிறோம் என்பதுதான் லென்ஸை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாராவில் விலங்குகளிடமிருந்து வண்டி 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்தத் தூரத்தில், ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 எம்.எம். லென்ஸ் போட்டால் படத்தின் அகலத்தில் அடங்குவது இரண்டேகால் மீட்டர். படுத்திருக்கும் ஆண் சிங்கம் மூக்கிலிருந்து பின்தொடை வரை அதை நிறைத்துவிடும், வாலுக்கு இடமிருக்காது. 600 எம்.எம். என்றால் ஒன்றரை மீட்டர்தான். பாதிச் சிங்கம். 100 எம்.எம்.மில் ஒன்பது மீட்டர் கிடைக்கும். அதில் யானையும் குட்டியும் சுற்றியுள்ள புல்லோடு வந்துவிடும்.

அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு 100-400 அல்லது 100-500 ஜூமைத்தான் சொல்வேன். கேமரா கிராப் சென்சார் என்றால் 400-ஏ கிட்டத்தட்ட 600 போல வேலை செய்யும். பறவைப் பித்து உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். நம்மூர்ப் பனங்காடையின் உறவான ஊதா மார்புப் பனங்காடை, வாலையும் சேர்த்து ஒரு முழத்துக்கும் குறைவான பறவை. அதற்கு 600 வேண்டும். வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஜூமில் வெளிச்சம் போதுமா என்ற கவலை நியாயமானது. எஃப் 6.3 லென்ஸைவிட எஃப் 4 லென்ஸ் இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாரா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் காலை ஆறரையையொட்டித்தான் சூரியன் எழும். சீக்கிரமே மேலேறியும் விடும். வித்தியாசம் தெரிவது அந்த முதல் அரை மணி நேரத்திலும், தாலெக் ஆற்றோர மரத்தில் சிறுத்தை படுத்திருக்கும்போதும்தான். ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றினால் இன்றைய கேமராக்கள் சமாளித்துவிடுகின்றன. பத்து மணிக்கு மேல் தரை சூடேறியதும் கானல் கிளம்பும். அப்போது இருநூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதை எந்த விலை லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. நீளமான லென்ஸ் கானலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் கைப்பையும் சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. டிரைபாடை வீட்டிலேயே வையுங்கள். வண்டிக்குள் அதை விரிக்க இடம் இருக்காது. காலியான பீன் பேக்கைக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸை அழுத்தி வைத்தால் ஆடாது. டிரைவரை மறக்காமல் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் தூசி ஒட்டிவிடும். இரண்டாவது கேமராவில் 24-70 மாட்டியே இருக்கட்டும். மூடிவைக்க பாலிதீன் பை வேண்டாம். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் அதற்குத் தடை. தலையணை உறை நன்றாக உதவும்.

இவ்வளவு சொன்னபின் நீளமான லென்ஸுக்காகவும் பேச வேண்டியிருக்கிறது. காரணம் சிவிங்கிப்புலி. மாராவில் நடந்த ஒரு ஆய்வு 2018-இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மொய்க்கும் பகுதியிலோ அந்தச் சராசரி 0.2. ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருந்தும், கூட்டம் கூடிவிடுகிறது. அந்தத் தாய் வேட்டைக்குக் கிளம்ப வேண்டும், வேட்டையாடியதைக் கழுதைப்புலி பறிப்பதற்குள் தின்று முடிக்க வேண்டும், குட்டிகளை மறைக்கவும் வேண்டும். வண்டிகள் சூழ்ந்து நின்றால் இதில் எது நடக்கும்?

அறுபது மீட்டர் தள்ளி நின்றாலும் 400 எம்.எம்.மில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் அகலம் கிடைக்கிறது. கறையான் புற்றின் மேல் தாயும், அடியில் உருளும் குட்டிகளும், பின்னால் புல்வெளியும் அதில் முழுதாக அடங்கும். 600 என்றால் அதே இடத்திலிருந்து தாயின் பார்வையும் தெளிவாக வரும். நீளமான லென்ஸ் வாங்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. டிரைவர்கள் நெருங்கிப் போவது பெரும்பாலும் விருந்தினர் ஆசைப்படுவார் என்ற எண்ணத்தில்தான்; டிப்ஸும் அதைப் பொறுத்தது. அதனால் காலையில் முகாமிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: “என்னிடம் பெரிய லென்ஸ் இருக்கிறது, கிட்டே போக வேண்டாம், டிப்ஸ் குறையாது.”

(தொடரும்)