அழகு ஓரிகானோ

அழகு ஓரிகானோ என்பது உணவுக்காக அன்றித் தோற்றத்துக்காக வளர்க்கப்படும் ஓரிகானம் பேரினத்துச் செடிகளின் பொதுப்பெயர் ஆகும். இவை துளசி, புதினா ஆகியவை அடங்கிய லாமியேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. பீட்சாவின் மேல் தூவப்படும் உலர்ந்த இலை பெரும்பாலும் இதே பேரினத்தின் ஓரிகானம் வல்காரே என்னும் இனத்திலிருந்து பெறப்படுகிறது. தமிழில் கற்பூரவள்ளி அல்லது ஓமவல்லி எனப்படும் செடியும் சில வேளைகளில் இந்திய ஓரிகானோ என்று அழைக்கப்படுவதுண்டு. மணம் ஒத்திருப்பினும் அது வேறு பேரினம்.

தோற்றமும் வகைகளும்

இச்செடிகளில் கண்ணைக் கவர்பவை பூவடிச் செதில்களே. அவை ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தொங்கும். தொடக்கத்தில் வெளிர்பச்சையாக இருந்து பின்னர் இளஞ்சிவப்பு நிறம் பெறும். சிறு பூக்கள் இவற்றினிடையே எட்டிப் பார்க்கும். பூ உதிர்ந்த பின்னும் செதில்கள் பல வாரங்கள் நிலைத்திருக்கும்.

வட்ட இலைகளை உடைய ஓரிகானம் ரோட்டண்டிஃபோலியம் துருக்கி, ஜார்ஜியா ஆகிய நாடுகளின் பாறைச் சரிவுகளில் இயற்கையாக வளர்கிறது. இதற்கும் கிரேக்க மலைகளின் ஓரிகானம் ஸ்காப்ரம் என்னும் இனத்துக்கும் பிறந்த கலப்பினமே தோட்டங்களில் புகழ்பெற்ற 'கென்ட் பியூட்டி'. 'ஹெர்ரன்ஹவுசன்' என்னும் வகை நிமிர்ந்து வளர்ந்து ஊதா நிறப் பூங்கொத்துகளைத் தரும். தேனீக்கள் இதனைப் பெரிதும் நாடும்.

வளர்ப்பு

பாறை இடுக்குகளில் தோன்றிய செடி என்பதை நினைவிற் கொண்டால் பராமரிப்பு எளிது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேரடி வெயில் தேவை. வறட்சியையும் ஓரளவு குளிரையும் தாங்கும் இச்செடி, வேரில் தேங்கும் நீரைத் தாங்காது. குளிர்காலத்து ஈரமே இதனைப் பெரும்பாலும் அழிக்கிறது. எனவே களிமண் நிலத்தில் நேரடியாக நடுவதைவிட, மண்ணுடன் பருமணலும் சிறு சரளைக் கற்களும் கலந்து மேட்டுப்பாத்தியிலோ தொட்டியிலோ நடுதல் நன்று. தொட்டியின் அடித்தட்டில் நீர் நிற்க விடலாகாது. மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். வேர் அழுகினாலும் இலைகள் வாடும். அதனை வறட்சி எனக் கருதி மேலும் நீர் ஊற்றினால் செடி விரைவில் மடியும். ஆகவே வாடிய செடியைக் கண்டால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

உரம் மிகுந்தால் தண்டு நீண்டு தளரும். பட்டுப்போன தண்டுகளை இளவேனில் தொடக்கத்தில் வெட்டலாம்.

கலப்பின வகைகளின் விதைகள் தாய்ச்செடியை ஒத்த செடிகளைத் தருவதில்லை. ஆதலால் பூக்காத இளந்தண்டுகளை வெட்டி நட்டே இவை பெருக்கப்படுகின்றன.

கிரீட்டின் திக்தாமோ

கிரேக்கத்தின் கிரீட் தீவுக்கே உரிய ஓரிகானம் டிக்டாம்னஸ், வெண்பஞ்சு போர்த்தாற்போன்ற இலைகளை உடையது. அம்பு தைத்த ஆடுகள் இதனைத் தின்று அம்பை உதிர்க்கும் என்னும் பழங்கதையைத் தியோபிராஸ்டசு குறிப்பிடுகிறார். கதை எவ்வாறாயினும், மருந்துக்காக மக்கள் செங்குத்தான பாறைகளில் ஏறி இதனைப் பறித்ததால் இயற்கையில் இது அருகியது. ஐரோப்பாவின் பெர்ன் ஒப்பந்தம் இதனைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாகப் பட்டியலிட்டுள்ளது. தற்போது கிரீட்டில் எம்பாரோசு முதலிய ஊர்களில் இது பயிரிடப்படுகிறது. தோட்டத்துக்கு வேண்டுவோர் நாற்றுப்பண்ணைச் செடிகளையே பெறுதல் வேண்டும்.