ஆண்மகவும் ஆரவாரமும்

மக்கட்பேற்றை இல்லறத்தின் பெரும்பயனாகத் தமிழர் தொன்றுதொட்டுப் போற்றி வந்துள்ளனர். திருவள்ளுவர் அதற்கெனத் தனியதிகாரம் வகுத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி, பெருஞ்செல்வமுடையாரும் மக்களில்லாவிடத்து வாழ்நாளின் பயனை இழந்தவரே என்னுங் கருத்தைப் புறநானூற்றுப் பாடலொன்றிற் பாடினான். உண்கலத்துட் கையிட்டுத் துழாவி, சோற்றை உடலெங்குஞ் சிந்தும் குழந்தையை அவன் குற்றங் கூறினானல்லன். அக்குழப்பத்தையே இன்பமாகக் கண்டான். மழலையின் இனிமையை மறுப்பாரும் எங்கும் இலர்.

ஆயினும், மழலை பேசிய வாய் இரண்டு மூன்றாண்டு கழிந்தபின் கூக்குரலிடத் தொடங்குகின்றது. தவழ்ந்த கால்கள் திண்ணையினின்று முற்றத்துக்கும், முற்றத்தினின்று வேலிக்கப்பாலும் பாய்கின்றன. கையிற் கிடைத்த தடி வாளாகின்றது. கவிழ்த்த பானை முரசாகின்றது. இந்நிலையில், முன்பு மகிழ்ந்த பெற்றோரே செவியைப் பொத்திக்கொள்கின்றனர். ஆண்மகவின் இவ்வாரவாரம் களையத்தக்க குற்றமா, வளர்ச்சியின் ஒரு படியா, அதனை எவ்வாறு நெறிப்படுத்தல் வேண்டும் என்னும் வினாக்கள் இல்லந்தோறும் எழுகின்றன. அவற்றுக்கு விடைகாண முயல்வார்க்குத் தமிழிலக்கியம் எதிர்பாராத துணையாக நிற்கின்றது.

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய பாடல்களில் இதன் வித்துக் காணப்படுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் அதனை முழுவடிவிற் காட்டுகின்றது. பதினேழாம் நூற்றாண்டிற் குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமி மீது ஆண்பாற் பிள்ளைத்தமிழும், மீனாட்சியம்மை மீது பெண்பாற் பிள்ளைத்தமிழும் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொதுவாம். இறுதி மூன்றே வேறுபடுவன. ஆண்மகவுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன உரியன. பெண்மகவுக்கோ அம்மானை, ஊசல் முதலியன உரியன. மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் இப்பருவங்கள் நிகழுமென்று கணக்கிடுவாருமுளர். இக்கணக்கு நூலுக்கு நூல் வேறுபடும்.

ஆண்மகவுக்குரிய இறுதி மூன்றையும் உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். தேருருட்டல் இயக்கத்தைக் குறிப்பது. பறை முழக்கல் ஓசையைக் குறிப்பது. சிற்றில் சிதைத்தல் பிறர்க்கு ஊறு செய்தலைக் குறிப்பது. சிறுவனை வளர்ப்போர் இன்று எதிர்கொள்ளும் இடர்களும் இம்மூன்றனுள் அடங்குவனவே.

முதற்கண் தேரினை நோக்குவோம். சங்கநூல்களிற் சிறுதேர் பலவிடத்தும் உருள்கின்றது. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்து மகளிர், உலர்நெல்லைத் தின்ன வந்த கோழியை விரட்டக் காதிலணிந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை சிறுவர் உருட்டிவரும் மூன்றுருளைச் சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது. பெரும்பாணாற்றுப்படை, தச்சர் செய்த தேரை உருட்டிக் களைத்த புதல்வர் பாலுண்டு உறங்குவதைக் கூறுகின்றது. ஓடிக்களைத்தலும், உண்டலும், அயர்ந்துறங்கலும் ஒன்றையொன்று தொடர்வன என்பதைப் பழம்புலவர் அறிந்திருந்தனர். பகலில் ஓட இடம்பெறாத சிறுவனை இரவில் உறங்கச் செய்தல் அரிது என்பதை இக்காலத் தாயரும் அறிவர்.

தச்சன் செய்த தேர் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வடஇலங்கைச் சிறுவர் பனையையே தச்சனாகக் கொண்டனர். நுங்கு உண்டபின் எஞ்சிய கோம்பைகள் இரண்டினை ஒரு குச்சியாற் கோத்து, கவர்த்தடியொன்றைப் பூட்டினால் வண்டில் அணியமாகிவிடும். காசு செலவில்லை, உடைந்தால் மறுநாள் வேறொன்று செய்யலாம். உருளை, அச்சு, உராய்வு, சமனிலை ஆகிய பௌதிகப் பாடங்களை அச்சிறுவன் பள்ளிக்குச் செல்லுமுன்னரே கையாற் கற்றுவிடுகின்றான்.

இனிப் பறையினை ஆராய்வோம். தகரத்தைத் தட்டும் சிறுவன் பிறரை வருத்தவேண்டுமென்று தட்டுவதில்லை. தன் கையசைவினால் உலகில் ஒரு விளைவு தோன்றுகின்றது என்பதே அவனுக்குப் புதுமை. மெல்லத் தட்டினால் ஓரொலி, வன்மையாகத் தட்டினால் வேறொலி என்று அவன் மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கின்றான். காரணகாரியத் தொடர்பை அறியும் முயற்சியே அது. தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றல் அவனுக்கு உடன் வருவதன்று. அதற்கு நிலைக்களமாகிய மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கும் என்று இக்கால அறிவியல் கூறுகின்றது. ஐந்து வயதினனை நோக்கிச் சும்மா இரு என்று பன்முறை கட்டளையிடும் பெற்றோர், அவனிடத்து இன்னும் முற்றாத ஓர் உறுப்பினை வேலைவாங்க முயல்கின்றனர்.

முன்னோர் குழந்தையின் காலிற் கிண்கிணியும் சதங்கையும் பூட்டியதை அணிக்காக மட்டும் என்று கொள்ளுதல் பொருந்தாது. அடுக்களையில் இருக்குந் தாய்க்குக் குழந்தை எங்குள்ளது என்பதை அவ்வொலி உணர்த்தும். ஒலி நின்றவிடத்தே அவள் எழுந்து பார்ப்பாள். சிறுவன் உள்ள வீட்டில் ஆரவாரத்தினும் திடீரென்று தோன்றும் அமைதியே அச்சந் தருவது என்பது எல்லாத் தாயர்க்கும் பொதுவான பட்டறிவு.

சிறுவர் சிறுமியரினும் மிகுதியாக ஓடியாடுவது இயற்கையா, வளர்ப்பா என்பது பலரும் வினவுவது. உடலியக்கத்தை அளந்து நோக்கிய ஆய்வுகள், சராசரியாக ஆண்மக்களிடத்து அது சற்று மிகுந்திருப்பதைக் காட்டியுள்ளன. எனினும் அமைதியான சிறுவரும் ஆரவாரமிக்க சிறுமியரும் எவ்வூரிலும் உளர். ஒருவன் கையிற் பறையையும் ஒருத்தி கையில் அம்மானைக் காயையும் கொடுப்பது இயற்கையன்று, சமுதாயமே கொடுக்கின்றது. ஆதலின், ஆண்பிள்ளை அப்படித்தான் இருப்பான் என்று கூறி அவன் செய்யுந் தீங்கனைத்தையும் பொறுத்தல் தகாது.

இக்கருத்தினைச் சிற்றிற் பருவம் தெளிவாகக் காட்டுகின்றது. சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுகின்றனர். சிறுவன் ஓடிவந்து காலால் அதனைச் சிதைக்க முற்படுகின்றான். இப்பருவப் பாடல்கள் சிறுவனின் வீரத்தைப் புகழ்வதோடு அமையவில்லை. எங்கள் சிற்றிலைச் சிதையாதே என்று வேண்டும் சிறுமியர் கூற்றாகவே அவை அமைகின்றன. ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் இப்பொருள் பற்றி ஒரு பதிகம் பாடினார். ஆரவாரம் செய்பவன் வாயிலாக அன்றி, அதனால் வருந்துபவர் வாயிலாக அதனைப் பாடியது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பிறர் உழைப்பைக் காலால் எற்றும்போது அங்கே ஒருவர் அழுகின்றார் என்பதைச் சிறுவன் கேட்டல் வேண்டும். சிறுவர் வளர்ப்பில் முதன்மையான பாடம் இதுவே.

இப்பாடத்தை அடித்துப் புகட்டலாம் என்று கருதியோர் பலர். ஆனால், அடி பெற்ற சிறுவன் கற்பது பிறர் துயரையன்று. வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பதையே. இலங்கைப் பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டிற் சுற்றறிக்கை விடுத்தது. தடியைக் கீழேவைத்த ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வேறு வழிகள் வேண்டுமன்றோ? விளையாட்டுச் சண்டையையும் மெய்ச்சண்டையையும் பகுத்தறிதல் முதல் வழி. முகத்திற் சிரிப்பிருந்து, வீழ்த்தியவனும் வீழ்ந்தவனும் முறைமாறி, முடிவில் இருவரும் சேர்ந்தே நின்றால் அது விளையாட்டு; அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. முகம் இறுகி, ஒருவனே தொடர்ந்து வீழ்த்தப்பட்டு, அவன் விலகிச்செல்ல முயன்றால் அது சண்டை. அங்கே மூத்தோர் தலையிடல் வேண்டும். கட்டளையைச் சுருக்கமாக, ஒருமுறைக்கு ஒன்றாகக் கூறுதலும், செய்யற்க என்பதோடு நில்லாது செய்யத்தக்கதைச் சுட்டுதலும் பயன் தருவன. எல்லாவற்றினும் மேலாக, ஓடுதற்கு இடமும் காலமும் அளித்தல் வேண்டும்.

ஓடுதற்கு இடம் என்னுமிடத்து ஆனையிறவை நினைத்தல் பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலம் அது. யானைகளை ஆழமற்ற நீரினூடே கடத்திச் சென்றமையாற் பெற்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. இருபுறமும் கடனீரேரி, கோடையில் வெண்மணலும் உப்புப் பாத்திகளும், மேலே தடையற்ற வானமும் காற்றும். வடக்கே இயக்கச்சியும் பளையும், தெற்கே உமையாள்புரமும் பரந்தனும் அமைந்துள்ளன. வாடைக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் வடபுலச் சிறுவர் பட்டம் ஏற்றுவர். பட்டத்திற் கட்டிய விண் இரவெல்லாம் கூவும். சிறுபறையின் ஓசை வானேறியதுபோல்வது அது. சிறுவர்க்கென்றே இயற்கை அமைத்த வெளி இதுவெனக் கூறலாம்.

ஆனால், இவ்வெளியே நெடுங்காலம் சிறுவர்க்கு மறுக்கப்பட்டது. 1991இலும், 2000ஆம் ஆண்டிலும், 2009இலும் ஆனையிறவு பெரும் போர்க்களமாயிற்று. மண்ணில் மிதிவெடிகள் புதைக்கப்பட்டன. வெடியாத எறிகணைகள் சிதறிக் கிடந்தன. வன்னிச் சிறுவர் பலர் பதுங்குகுழிகளிலும் இடம்பெயர்ந்தோர் கூடாரங்களிலும் வளர்ந்தனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. விளையாட்டுத் தடியை ஏந்தவேண்டிய வயதிற் படைக்கலம் ஏந்தும்படி சேர்க்கப்பட்ட சிறாரும் உளர். தந்தையை இழந்த இல்லங்களில், வீட்டுக்கு இனி நீயே ஆண்மகன் என்னும் பாரம் சிறுதோளில் ஏற்றப்பட்டது. இச்சிறுவர் பலர் அமைதியாய் இருந்தனர். அவ்வமைதியை நல்லொழுக்கம் என்று கொண்டவர் ஏமாந்தனர்.

சிறுவனின் இயல்புகளே அந்நிலத்தில் அவனுக்குப் பகையாயின. புதியதைக் கண்டால் எடுத்துப் பார்த்தல், தட்டிப் பார்த்தல், எறிந்து பார்த்தல், பாதையை விட்டு விலகி ஓடுதல் என்பன பிறவிடத்து அறிவை வளர்ப்பன. ஆனையிறவுச் சூழலிலோ உயிரைப் பறிப்பன. உலகெங்கும் மிதிவெடியினாலும் வெடியாத பொருளினாலும் ஊறுற்ற சிறாருட் பெரும்பாலோர் ஆண்சிறுவரே என்று ஆண்டுதோறும் வெளிவரும் கண்ணிவெடிக் கண்காணிப்பறிக்கைகள் காட்டுகின்றன. ஆடு மாடு மேய்த்தலும், விறகு பொறுக்கலும், பழைய இரும்பு சேர்த்தலும் அவர்களை அவ்விடங்களுக்கு இட்டுச்செல்கின்றன. இங்கே அடியோ அதட்டலோ உதவாது. காணாத பொருளைத் தொடாதே, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பு, மூத்தோரிடம் சொல் என்னும் மூன்று விதிகளே உதவும். இவை பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்டன. இறுதி விதி நிறைவேறவேண்டுமாயின், சொன்னால் அடிவிழும் என்னும் அச்சம் சிறுவனுக்கு இருத்தல் கூடாது. அன்பான வளர்ப்பு உயிர்காக்குங் கருவியாவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிலத்தை மீட்கும் பணியும் நடந்துவந்துள்ளது. 2002ஆம் ஆண்டு முதல் ஹலோ டிரஸ்ட் முதலிய அமைப்புகள் வடக்கிற் கண்ணிவெடி அகற்றுகின்றன. ஆனையிறவுக்கு வடக்கேயுள்ள முகமாலை, நாட்டின் மிகச் செறிந்த வெடிநிலங்களுள் ஒன்றாக இருந்தது. உலோகமறியுங் கருவியும் சிறு தோண்டியும் கொண்டு, வெயிலில் முழந்தாளிட்டு, நிலத்தைச் சாண்சாணாக ஆராய்வோருட் பெண்கள் பலர். அவருள்ளும் தனித்து நின்று குடும்பம் காக்கும் தாயர் பலர். ஓரிடத்திற் செவ்வண்ண எச்சரிக்கைப் பலகை அகற்றப்படும்போது, சிறுவர் ஓடுதற்கு மேலும் சிறிது நிலம் கிடைக்கின்றது. இலங்கை 2017ஆம் ஆண்டின் இறுதியில் ஆளெதிர் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. விளையாட்டைச் சிறாரின் உரிமையாக 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமை உடன்படிக்கை முப்பத்தோராம் உறுப்புரையிற் கூறுகின்றது. அதனை இலங்கை 1991இல் ஏற்றது. அவ்வுரிமை ஏட்டில் இருந்த ஆண்டிலேயே ஆனையிறவிற் பெரும்போர் நிகழ்ந்தது என்பதை வரலாறு மறவாது.

தொகுத்து நோக்குமிடத்து, ஆண்மகவின் ஆரவாரம் அடக்கி ஒழிக்கத்தக்கதுமன்று, கட்டின்றி விடத்தக்கதுமன்று. தேருருட்ட இடமும், பறைமுழக்கப் பொறுமையும், சிற்றில் சிதையாதிருக்கக் கண்ணோட்டமும் அவனுக்கு வேண்டும். முதலாவதைச் சமுதாயம் தரல் வேண்டும். இரண்டாவதைப் பெற்றோர் தரல் வேண்டும். மூன்றாவதை அவன் கற்றல் வேண்டும். ஆசிரியராகவும் தந்தையாகவும் ஆகவிருக்கும் இன்றைய மாணவர், தாம் சிறுபராயத்திற் செய்த ஆரவாரத்தைப் பொறுத்தவர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்ப்பாராயின், அடுத்த தலைமுறையின் கூச்சலையும் சிறிது பொறுமையோடு கேட்பர்.