மிஷினைத் திட்டாதீங்க... கூலியைக் கேளுங்க!



‘கம்ப்யூட்டர் வந்துச்சு, கைவேலை போச்சு’ என்று ஒரு கட்சி. ‘மிஷின் இல்லாம இனிமே ஒண்ணும் நடக்காது’ என்று இன்னொரு கட்சி. ரேஷன் கடை வரிசையில் நின்றாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுதான் காதில் விழுகிறது. நான் பத்தாவது வரை படித்தவள். தறி இருக்கிற வீட்டில் வாக்கப்பட்டு பதினேழு வருஷம் ஆகிறது. அந்த அனுபவத்தில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

எங்கள் கூரம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். கூரத்தாழ்வார் அவதரித்த ஊர் என்றால் பலருக்குத் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ ராஜா முதலாம் பரமேஸ்வரவர்மன் கொடுத்த செப்பேட்டுக்கும் கூரம் செப்பேடு என்றுதான் பெயர். அதில் தானமாகக் கொடுத்த ஊரின் உரிமைகளைச் சொல்லும் இடத்தில் செக்கு, கடை இவற்றோடு தறியும் வருகிறது. ஆக, 1,300 வருஷத்துக்கு முன்பே இந்தப் பக்கத்தில் தறி உண்டு. அது எத்தனை புது சாமானைப் பார்த்திருக்கும்!

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். ஓட்டை இருந்தால் அந்த இடத்து இழை மேலே தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது. மயிலும் மாங்காயும் சேலையில் விழுவது இந்த ‘உண்டு, இல்லை’ கணக்கில்தான். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கும் என் மகள், “அம்மா, கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் சைபரும்தான் பாஷை” என்றாள். “இதைத்தானே உங்க தாத்தா ஆயுசு பூரா மிதிச்சாரு!” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த ஜக்கார்டை 1804-ல் உருவாக்கியவர் பிரான்ஸ் தேசத்தில் லியோன் பட்டணத்துக்காரர், ஜோசப் மேரி ஜக்கார்டு. அதுவும் பட்டு நெசவு ஊர்தான். பிற்பாடு அவருடைய உருவத்தையே 24,000 அட்டை வைத்துப் பட்டில் நெய்தார்களாம். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் இந்த அட்டையைப் பார்த்துத்தான் தன் கணக்குப் போடும் மிஷினுக்கும் அட்டையே வைக்கலாம் என்று திட்டம் போட்டார். 1843-ல் அந்த மிஷினைப் பற்றி விளக்கமாகக் குறிப்பு எழுதியவர் ஒரு பெண், அடா லவ்லேஸ். அவர் உதாரணம் காட்டியதும் தறியைத்தான். 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோதும் ஓட்டை அட்டைதான் உதவியது. ஆக, கம்ப்யூட்டர் நமக்கு அந்நியமில்லை தோழிகளே, தறி வீட்டு உறவுதான்!

சரி, உறவு என்றால் சண்டை வராதா? வரும். ஆனால் எதற்காகச் சண்டை என்று தெரிந்து போட வேண்டும். லியோன் நெசவாளர்கள் 1831-ல் பெரிய கலகம் செய்தார்கள். அப்போது அவர்கள் கேட்டது ‘மிஷினை எடு’ என்று அல்ல. நெய்த துணிக்கு இன்ன கூலி என்று நிர்ணயித்துக் கொடு என்பதுதான். எனக்கு இந்தச் சேதி ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. பெரிய ஜக்கார்டை நாள் முழுக்க மிதித்துத் தூக்கினால் கால் என்னாகும்? கடன் வாங்கி, பெட்டியைத் தூக்க மட்டும் ஒரு மோட்டார் வைத்தோம். நாடா ஓட்டுவதும், கோர்வை சேர்ப்பதும் கைதான். இதைக் கேள்விப்பட்டு, நாங்கள் சேலை நெய்து கொடுக்கும் முதலாளி, “மோட்டார் போட்டாச்சே, நாள் மிச்சம்தானே, கூலியில கொஞ்சம் குறைச்சுக்கலாமே” என்றார். இவர் பேசாமல் நின்றார். நான்தான் கேட்டேன், “ஐயா, மோட்டார் கடன் எங்களுது. வலிச்ச காலும் எங்களுது. மிச்சமான நாள் மட்டும் எப்படி உங்களுது ஆகும்?” அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை. கூலி ஏறவும் இல்லை, அது வேற கதை.

இன்னொரு சாமானையும் சொல்ல வேண்டும். ஊடைக்குத் தார் சுற்றுவது பெண்களின் வேலை. என் மாமியார் கை ராட்டையில் விடியற்காலை உட்கார்ந்தால் சமையல் நேரம் வரை சுற்றுவார். இப்போது சின்ன மோட்டார் ராட்டையில் நான் சீக்கிரமாக முடித்துவிடுகிறேன். ஆனால் ராட்டையில் சுற்றினாலும் மோட்டாரில் சுற்றினாலும் அந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. சேலைக் கூலிக்குள்ளேயே அது கரைந்துவிடும். ‘வீட்டுக்காரி சும்மாதானே இருக்கா, சுத்தித் தரட்டுமே’ என்று ஊரே நினைக்கிறது. 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவும் அது சார்ந்த வேலையும் செய்பவர்கள் நாடு முழுக்க 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள்! தார் சுற்றுவதையும் வேலை என்று கணக்கு எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை.

மிஷினே வேண்டாம் என்று சொல்பவர்கள் பழைய காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கோர்வைச் சேலையில் ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள கூட ஒரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் எத்தனை சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்தார்கள்! காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் கடனுக்காகப் பிள்ளைகள் வேலை செய்ததை 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு அறிக்கையாகவே எழுதியது. ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று மொத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வராது. பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிற எந்தச் சாமானும் நல்ல சாமான்தான்.

டிசைன் விஷயத்திலும் அப்படியே. முன்பு கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து, அதைப் பார்த்து அட்டை அடிப்பார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். தப்பு இருந்தால் நெய்வதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடுகிறது. சில இடங்களில் அட்டையே இல்லாத ஜக்கார்டும் வந்துவிட்டது. இது நல்லதுதான். ஆனால் ஒருவர் யோசித்து வரைந்த முந்தியை அடுத்த வாரமே காப்பி அடித்து விசைத்தறியில் ஓட்டவும் அதே கம்ப்யூட்டர்தான் உதவுகிறது. விசைத்தறி ஓட்டுபவரும் உழைப்பாளிதான், அவரைக் குறை சொல்லவில்லை. அதைக் ‘கைத்தறி காஞ்சிப் பட்டு’ என்று பொய் சொல்லி விற்பதைத்தான் சொல்கிறேன். செல்போனில் போட்டோவைப் பார்த்து வாங்கும் சகோதரிக்கு எது கை, எது மிஷின் என்று எப்படித் தெரியும்?

அதற்குச் சில வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ‘சில்க் மார்க்’ முத்திரை இருந்தால் சுத்தப் பட்டு என்று அர்த்தம். அது கைத்தறியா என்று அந்த முத்திரை சொல்லாது! கையால் நெய்தது என்பதற்கு ‘ஹேண்ட்லூம் மார்க்’ என்று தனி முத்திரை இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையும் கேளுங்கள். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்பது பெரியவர்கள் சொன்ன வழி. இப்போது எக்ஸ்ரே மிஷினில் வைத்தால் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சேலைக்குச் சேதமில்லாமல் சொல்லிவிடுகிறது. பார்த்தீர்களா, ஏமாற்றவும் மிஷின், கண்டுபிடிக்கவும் மிஷின்!

அதனால்தான் சொல்கிறேன் தோழிகளே. புதுசாக எது வந்தாலும் ‘நல்லதா, கெட்டதா’ என்று வாய்ச் சண்டை போட வேண்டாம். ‘இதனால மிச்சமாகுற நேரமும் காசும் யார் கைக்குப் போகுது?’ என்று கேளுங்கள். வீட்டுக்கு வாங்கும் மிக்ஸிக்கும் இதே கேள்விதான், ஆபீசுக்கு வரும் கம்ப்யூட்டருக்கும் இதே கேள்விதான். மாவு சீக்கிரம் அரைபட்டதும் ‘இன்னும் ரெண்டு பலகாரம் செய்’ என்றால், அந்த மிக்ஸி நமக்காக வந்ததா?

தறி வீட்டுச் சகோதரிகளுக்குக் கடைசியாக ஒன்று. கைத்தறி அடையாள அட்டை நெசவாளருக்கு மட்டுமில்லை, தார் சுற்றுவது, பாவு பிணைப்பது போன்ற வேலை செய்பவர்களுக்கும் உண்டு. உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ‘என்ன வேலை செய்யறீங்க?’ என்று யாராவது கேட்டால் ‘வீட்டுல சும்மா இருக்கேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்!

– ஒரு வாசகி, கூரம்.