புதுக் கம்பெனிகளின் குணம்

நமது தேசத்தில் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிக்கும் வாலிபர்களின் தொகை வருஷத்துக்கு வருஷம் பெருகி வருகின்றது. 2016-ம் வருஷம் ஜனவரி 16-ல் இந்திய சர்க்கார் இவர்களை ஊக்குவிக்கத் திட்டமொன்றைத் தொடங்கிய பின்னர், ஸ்டார்ட்-அப் எனப் பெயர் பெற்ற இக்கம்பெனிகளில் சர்க்கார் அங்கீகாரம் பெற்றவை மட்டுமே ஒரு லட்சத்திற்கு மேற்பட்டுவிட்டன. இது சந்தோஷிக்கத்தக்க விஷயமே. மூலதனம் எங்கே கிடைக்கும், சரக்கு எவ்வாறு விலைபோகும் என்பன பற்றி இவ்வாலிபர்களுக்கு யோசனை கூறுவோர் பலர் உளர். கம்பெனிக்குள்ளே மனிதர் மனிதரை எங்ஙனம் நடத்துவது என்பதைப் பற்றிப் பேசுவோரோ மிகச் சிலர். “முதலில் கம்பெனி நிலைக்கட்டும், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இப்பதில் முற்றும் தவறென்பது நமது துணிபு.

முதலில் வந்து சேரும் பத்துப் பேர், முதலாளி சொல்வதைக் கேட்டு நடப்பதில்லை. அவர் செய்வதைப் பார்த்து நடக்கின்றனர். பதினோராவதாக வருபவன் அப்பத்துப் பேரைப் பார்த்து நடக்கின்றான். ஐம்பது பேர் சேர்ந்த பின்னர் இது நமது வழக்கமென்று எதைச் சொல்கின்றார்களோ, அது முதல் வருஷத்தில் யாரும் யோசியாமல் செய்துபோந்ததேயாகும். சங்கங்கள் நடத்திப் பழகிய நமது நண்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. முதல் வருஷம் எவரும் கணக்குக் கேட்காத சங்கத்தில், மூன்றாம் வருஷம் கணக்குக் கேட்பவன் துரோகியெனப் பெயர் பெறுவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கின்றோம்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பாலோ ஆல்டோ நகரில், வில்லியம் ஹ்யூலெட், டேவிட் பாக்கார்ட் என்ற இரு நண்பர்கள் 1939-ல் ஒரு மோட்டார்க் கொட்டகையில் தொழில் தொடங்கினர். கைமுதல் 538 டாலர். ஒலியலைகளை உண்டாக்கிச் சோதிக்கும் கருவியே அவர்களுடைய முதற்சரக்கு. வால்ட் டிஸ்னியின் சினிமாக் கம்பெனி அவற்றில் எட்டு வாங்கிற்று. இவ்வளவும் எல்லோரும் அறிந்த கதையே. அவர்கள் தம்மிடம் வேலை செய்தோரை நடத்திய விதந்தான் நாம் கவனிக்கற்பாலது.

பெரிய ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால் ஆட்களை அள்ளிச் சேர்ப்பதும், அது முடிந்ததும் அவர்களைத் தெருவில் விடுவதும் தங்கள் கம்பெனியில் ஆகாதென்று அவ்விருவரும் ஆரம்பத்திலேயே தீர்மானித்தனர். இதனால் கையில் வந்த லாபம் சில வேளை கைவிட்டுப் போயிற்று. அவர்களிடம் வேலை பார்த்த ஒருவருக்கு க்ஷயரோகம் கண்டு இரண்டு வருஷம் வேலைக்கு வர இயலாமற் போகவே, அவர் குடும்பம் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட முதலாளிகள், பெருநோய் வந்தால் சிப்பந்திகளைக் காப்பதற்கான இன்ஷ்யூரன்ஸ் ஏற்பாட்டைச் செய்தனர். சட்டம் கேட்டதென்று செய்தாரல்லர்.

மற்றொரு சம்பவமும் உண்டு. ஒரு விடுமுறை நாளில் ஹ்யூலெட் தமது தொழிற்சாலைக்குச் சென்று பூதக்கண்ணாடி தேடியபோது, கருவிகள் வைக்கும் அறை பூட்டிக் கிடந்தது. அவர் பூட்டை உடைத்துக் கருவியை எடுத்துக்கொண்டு, இக்கதவை இனிப் பூட்டலாகாதென்று ஒரு சீட்டு எழுதி வைத்துச் சென்றார். சாமான் திருட்டுப் போகாதோ என்று கேட்கலாம். ஒன்றிரண்டு போயிருக்கவுங்கூடும். ஆனால், உன்னை நம்புகின்றோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே அறையைப் பூட்டி வைக்கும் முதலாளியைத் தொழிலாளி நம்பமாட்டானென்பதை அவர் அறிந்திருந்தார்.

இவர்கள் தமது கொள்கைகளை எழுத்தில் வரைந்தது 1957-ல். அதாவது கம்பெனி ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் நடந்த பிறகு. இக்காலத்து இளம் முதலாளிகளோ, மூன்று பேர் சேரும் முன்னரே ‘எங்கள் விழுமியங்கள்’ என்று சுவரில் எழுதி மாட்டிவிடுகின்றனர்! எழுதுவது குற்றமன்று. எழுதியதைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வதே குற்றம்.

1970-ல் அமெரிக்காவில் வியாபாரம் மந்தமாயிற்று. ஹ்யூலெட்-பாக்கார்ட் கம்பெனிக்கு வேலையிருந்தது குறைவு, ஆளிருந்தது அதிகம். பத்தில் ஒருவரை நீக்குவதே எளிய வழி. அவர்களோ, இரண்டு வாரத்தில் பத்து நாள் வேலை என்பதை ஒன்பது நாளாக்கி, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தனர். இக்குறைப்புத் தலைவர் முதல் தொழிற்சாலைச் சிப்பந்தி வரை எல்லோருக்கும் ஒன்றே. சுமார் ஆறு மாதத்தில் நிலைமை சீராயிற்று; வேலை போனதென்று எவரும் வீடு செல்லவில்லை.

அக்கம்பெனி பிற்காலத்திலும் இவ்வாறே இருந்ததென்று நாம் கூற வரவில்லை. இரு நண்பர்களும் மறைந்த பிறகு, 2002-ல் காம்பாக் கம்பெனியைச் சேர்த்துக்கொண்ட போது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2006-ல், டைரக்டர் சபையின் ரகசியங்களை வெளியிட்டவர் யாரெனக் கண்டுபிடிக்க, டைரக்டர்களின் டெலிபோன் விவரங்களையும் பத்திரிகை நிருபர்களின் விவரங்களையும் வஞ்சகமாகப் பெற்ற செய்தி வெளிவந்து, சபைத் தலைவர் விலக நேர்ந்தது. கதவைப் பூட்டாதே என்று சீட்டு எழுதிய அதே கம்பெனிதான் இது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஊபர் கம்பெனி. 2009-ல் பிறந்து வெகு வேகமாக உலகமெங்கும் பரவிய இக்கம்பெனி, தனது கோட்பாடுகளென்று பதினான்கை எழுதி வைத்திருந்தது. பிறர் காலை மிதிக்கவும் தயங்காதே என்ற கருத்துடையதும் அவற்றில் ஒன்று. அங்கே எஞ்சினீயராயிருந்த சூசன் பௌலர் என்ற பெண்மணி, மேலதிகாரி தம்மிடம் தகாத முறையில் நடந்ததாகப் புகார் செய்தபோது, அவர் மிகத் திறமையாக வேலை செய்பவர், இது அவருடைய முதற்குற்றம் என்று பதில் கூறினார்களாம். 2017 பிப்ரவரியில் அப்பெண்மணி இதைப் பகிரங்கமாக எழுதினார். விசாரணை நடந்தது, இருபதுக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர், ஜூன் மாதத்தில் ஸ்தாபகராகிய தலைவரே ராஜினாமாச் செய்தார். அவ்வருஷ முடிவுக்குள் அப்பதினான்கு கோட்பாடுகளும் மாற்றப்பட்டன. திறமைசாலி என்ற ஒரு காரணத்துக்காக ஒருவனுடைய முதற்குற்றத்தை மன்னித்த நாள் எதுவோ, அந்நாளே இவ்வீழ்ச்சியின் ஆரம்ப நாளென்பது நமது அபிப்பிராயம்.

நமது நாட்டுக்கு வருவோம். வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கவேண்டுமென்று இன்போஸிஸ் ஸ்தாபகர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் கூறியது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. கம்பெனி தமதென்பதால் ஸ்தாபகர்கள் இரவு பகலாக உழைக்கலாம். மாதச் சம்பளத்துக்கு வந்தவனிடம் அதே உழைப்பைக் கேட்பவர், தமது பங்கில் அவனுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை முதலில் சொல்லவேண்டும். பங்கு தருவதாக வாய்மொழியாகச் சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது இக்கம்பெனிகளில் சாதாரணம். 2014-ம் வருஷத்து விதிகளின்படி, அவ்வுரிமையை வழங்கிய நாளுக்கும் அது கைக்கு வரும் நாளுக்கும் இடையே குறைந்தது ஒரு வருஷமாவது செல்லவேண்டும். பதினோராம் மாதத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை! இதைச் சேரும் நாளிலேயே எழுத்தில், அவனுக்குப் புரியும் பாஷையில் சொல்லிவிடும் முதலாளிகள் எத்தனை பேர்?

மற்றொன்று. வேலை செய்யுமிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013-ம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உட்குழு ஒன்று இருக்கவேண்டும். அதற்குப் பெண்ணொருத்தி தலைமை வகிக்கவேண்டும். அங்கத்தினரில் பாதிக்குக் குறையாதவர் பெண்களாயிருக்கவேண்டும். வெளியார் ஒருவரும் இருக்கவேண்டும். எல்லோரும் நண்பர்களே, நமக்குள் குழு எதற்கு என்று சிலர் சிரிக்கின்றனர். நண்பர்களாயிருக்கும்போதே அமைப்பது எளிது. புகார் வந்த மறுநாள் அமைக்கும் குழுவில் யார் அமர்ந்தாலும், அவர் யாருடைய ஆள் என்றுதான் பேச்சு நடக்கும். ஆகையால், பத்தாவது ஆளுக்கு நியமன உத்தரவு எழுதும் அன்றே குழுவின் பெயர்களையும் எழுதி எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டிவிடுமாறு இவ்வாலிபர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கையிருப்புக் குறையும் மாதத்தில் எவருடைய சம்பளம் முதலில் குறையும் என்பதையும் அதனுடன் எழுதிவிடட்டும். முதல் இரண்டு பெயர்கள் ஸ்தாபகர்களுடையவையாயிருக்கட்டும்.